கோலமாவு முதல் மயில்துத்தம் வரை: கடையிலுள்ள கனிமப் பொடிகளை விற்கும் முறை

ஆடி பிறந்ததும் விதைப் பாக்கெட்டும் தொட்டி மண்ணும், ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண்ணும், புரட்டாசியில் கொலுவுக்கு வர்ணப் பொடியும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும், மார்கழியில் கோலமாவும், தை பிறப்பதற்கு முன் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பும் காவியும் என்று, மளிகை வணிகர்களாகிய நமக்கு ஆண்டு முழுவதும் கல்லிலும் மண்ணிலும் கொஞ்சம் வியாபாரம் இருந்துகொண்டே இருக்கிறது. முன்பு இவற்றில் பாதியைக் காளவாய்க்காரரும் நாட்டு மருந்துக் கடைக்காரரும் பெயிண்ட் கடைக்காரரும் பார்த்துக்கொண்டார்கள். மாடித் தோட்டம் பெருகிய பிறகு வெர்மிகுலைட், பெர்லைட், ஜிப்சம், எப்சம் உப்பு என்று புதுப் பெயர்களும் சேர்ந்து எல்லாம் மளிகைக் கடைக்கே வந்துவிட்டன. கெட்டுப்போகாத சரக்கு, வண்டு விழாத சரக்கு என்பதால் நாமும் விரும்பியே வாங்கி வைக்கிறோம்.

ஆனால் பருப்பைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவுக்கு இந்தப் பொடிகளைப் பற்றித் தெரிந்திருக்கிறதா? துவரம் பருப்பில் எந்த ஊர்ச் சரக்கு என்று கையில் எடுத்ததும் சொல்லிவிடுகிற நம்மவர்கள், கோலமாவு எந்தக் கல்லை அரைத்தது என்று கேட்டால் “வெள்ளைக் கல்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். மொத்த வியாபாரியின் பட்டியலிலும் “வெள்ளைப் பொடி 10 மூட்டை” என்றுதான் இருக்கும். வாங்கிப் போகிறவர் குடும்பத் தலைவியாகவோ பள்ளி மாணவனாகவோ இருப்பார். அவருக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடியவர் கடையில் நிற்கும் நாம் ஒருவர்தாம். ஆகவே எந்தப் பொடியில் என்ன ஆபத்து, எதில் ஆபத்தே இல்லை என்பதை நம் உறுப்பினர்களுக்காக இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம்.

சுண்ணாம்பு என்பது ஒரு சரக்கு இல்லை, நான்கு சரக்கு

“சுண்ணாம்பு ஒரு கிலோ கொடுங்கள்” என்று ஒருவர் கேட்டால் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி, “எதற்கு?” என்பதுதான். சூளையிலிருந்து வந்த நீற்றாத கல் சுண்ணாம்பும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஒரு வகை. தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு இன்னொரு வகை. தாம்பூலத்துக்கு உரிய குழைத்த சுண்ணாம்பு மூன்றாவது. தோட்ட மண்ணின் புளிப்பை மாற்றப் போடுகிற சுண்ணாம்புக்கல் பொடி நான்காவது. இது சுடாத கல்லை அப்படியே அரைத்தது, கையை அரிக்காது, சூடு தராது. ரோஜாத் தொட்டிக்குப் போட வேண்டும் என்று கேட்டு வந்தவருக்கு நீற்றாத சுண்ணாம்பைக் கொடுத்தால் செடியும் போகும், கையும் போகும்.

நீற்றாத சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் தண்ணீரே கொதிக்கும் அளவுக்குச் சூடு கிளம்பும். வெள்ளையடிக்கிறவர்கள் பரம்பரையாக அறிந்த விஷயம் இது. ஆனால் இப்போது வாங்குகிறவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். வாளியில் சுண்ணாம்பைக் கொட்டி, மேலே தண்ணீரை ஊற்றி, என்ன ஆகிறது என்று குனிந்து பார்க்கிறார். அது தெறித்து முகத்தில் அடிக்கும். முதலில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும் என்றும், மண் தொட்டியோ இரும்புப் பாத்திரமோ போதும் என்றும், பிளாஸ்டிக் வாளி இளகிவிடும் என்றும், அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரித்து எரியக்கூடிய வாயுவைக் கிளப்பும் என்றும் சொல்லி அனுப்புவது அரை நிமிட வேலை. மூடிய டப்பாவில் ஒருபோதும் நீற்றக் கூடாது. சூட்டினால் உள்ளே ஆவி பெருகும், சுண்ணாம்பும் ஊதும், டப்பா வெடிக்கும்.

இதைவிட நமக்கு நெருக்கமான ஆபத்து தாம்பூலச் சுண்ணாம்புப் பொட்டலத்தில் இருக்கிறது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கண் மருத்துவர்கள் 2003-இல் ‘லான்செட்’ என்ற உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை எழுதினார்கள். சின்னஞ்சிறு குழந்தைகள் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடும்போது அது பீறிட்டுக் கண்ணில் அடிக்கிறது. அமிலத்தைவிடக் காரம் கண்ணுக்குக் கொடியது. அமிலம் மேலாகப் பொசுக்கி நின்றுவிடும். காரம் விழிப்படலத்தைத் துளைத்து உள்ளே இறங்கிக்கொண்டே போகும். பார்வை போன குழந்தைகள் உண்டு. வெற்றிலை பாக்குடன் சேர்த்து விற்கும் இந்தப் பாக்கெட்டுகளை மிட்டாய்ச் சரத்துக்குப் பக்கத்தில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிற கடைகள் எத்தனை என்று அவரவர் ஊரில் ஒரு தெருவை நடந்து பார்த்தாலே தெரியும். ஆணியை இரண்டு அடி மேலே அடிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

கண்ணில் சுண்ணாம்பு பட்டால் செய்ய வேண்டியது ஒன்றே. அந்த நிமிடமே, இருக்கும் இடத்திலேயே, நல்ல தண்ணீரை அரை மணி நேரம் கண்ணில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இமையை விரித்துப் பிடித்து, உள்ளே ஒட்டியிருக்கும் துகளும் வெளியேறும்படி ஊற்ற வேண்டும். பிறகு கண் மருத்துவரிடம் போக வேண்டும். முதலில் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய் அங்கே கழுவிக்கொள்ளலாம் என்று புறப்பட்டால், போகும் வழியிலேயே கண் வெந்துவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், எலுமிச்சைச் சாறு எதையும் விடக்கூடாது. காரத்தைப் புளிப்பால் முறிக்கலாம் என்று படித்தவர்களே சொல்வார்கள். கண் என்பது சோதனைக் குழாய் அன்று. உடம்பில் காய்ந்த நீற்றாத சுண்ணாம்பு கொட்டியிருந்தால் முதலில் துணியால் தட்டிவிட்டு, பிறகே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்

கொலுப் பொம்மைக்கு அச்சு வார்க்கவும், பள்ளிக்கூடத்துக்கு மலை, எரிமலை, கோட்டை என்று மாதிரிகள் செய்யவும் இது நன்றாகப் போகிற சரக்கு. ஜிப்சத்தைச் சூடாக்கி அதிலுள்ள தண்ணீரில் பெரும்பகுதியைப் போக்கிவிட்டால் கிடைப்பது இந்தப் பொடி. மறுபடி தண்ணீர் சேர்த்ததும் பழையபடி கல்லாக இறுகுகிறது. இறுகும்போது சூடு கிளம்பும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. சிறு அச்சில் அந்தச் சூடு வெதுவெதுப்போடு போய்விடும். ஒரு வாளி நிறையக் கரைத்தால் நடுவில் 60 டிகிரி செல்சியஸ் வரை ஏறலாம்.

2007 ஜனவரியில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதிப் பள்ளி ஒன்றில் 16 வயதுப் பெண் ஒருத்தி, ஓவிய வகுப்பில் தன் கைகளின் வடிவத்தை வார்ப்பதற்காக ஒரு வாளிப் பிளாஸ்டருக்குள் இரண்டு கைகளையும் விட்டாள். அது இறுகிவிட்டது, கையை வெளியே எடுக்க முடியவில்லை. இறுகிய பிளாஸ்டருக்குள்ளேயே கை வெந்தது. பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு ஒரு கையில் விரல் எதுவும் மிஞ்சவில்லை. மற்றொன்றில் இரண்டே விரல்கள் மிஞ்சின. வழக்கு நீதிமன்றம் சென்று 2009-இல் பள்ளி நிர்வாகத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. பயன்படுத்தியது விஷப் பொருள் எதுவும் இல்லை. நாம் கிலோ கணக்கில் விற்கிற அதே பொடிதான்.

குழந்தையின் கை அச்சு எடுத்துச் சட்டம் போட்டு வைக்கும் ஆசை இப்போது நம் ஊரிலும் வந்திருக்கிறது. “கையை உள்ளே விட வேண்டாம், களிமண்ணில் கையைப் பதித்து எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரை ஊற்றுங்கள்” என்று சொல்லிக் கொடுத்தால் களிமண்ணும் சேர்ந்து விற்கும். மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் கல்லாகி அடைத்துக்கொள்ளும் என்பதையும் சொல்லலாம். வீட்டுக்காரர் மறக்கமாட்டார்.

சிலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நீரில் கரைக்கும் பிள்ளையார் சிலைகளைப் பிளாஸ்டரில் செய்வதைத் தவிர்த்து, களிமண் போன்ற இயற்கைப் பொருள்களில் செய்ய வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டு, 2020 மே மாதத்தில் திருத்தியும் வெளியிட்டது. கொலுப் பொம்மையை யாரும் குளத்தில் கரைப்பதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சதுர்த்திக்கு முந்திய வாரம் பிளாஸ்டர் மூட்டையாகக் கேட்டு வருகிறவரிடம் மட்டும் எதற்கென்று விசாரித்துக்கொள்வது நல்லது.

மாடித் தோட்டத்துக்குத் தாமே சிமெண்டுத் தொட்டி செய்துகொள்கிறவர்களும் வெள்ளைச் சிமெண்டு கேட்டு வருகிறார்கள். ஈரச் சிமெண்டு சுண்ணாம்பைப் போலவே காரம். ஆனால் பட்டவுடன் எரியாது என்பதால் ஏமாற்றிவிடும். ஈரமான இடத்தில் மண்டியிட்டு வேலை செய்தவருக்கு மாலையில்தான் முழங்கால் புண்ணாகியிருப்பது தெரியும். ரப்பர் கையுறை ஒரு ஜோடி கூடவே விற்கலாம். துணிக் கையுறை சிமெண்டுத் தண்ணீரை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும், அது இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல்.

கோலமாவும் நம் கடைப் பையன்களும்

அடுத்துச் சொல்லப்போவது வாடிக்கையாளரைவிட நம் கடையைச் சேர்ந்தவர்களைப் பற்றியது.

வெள்ளைக் கல் என்பதில் பல கற்கள் உண்டு. சுண்ணாம்புக்கல், பளிங்கு, டோலமைட் ஆகியவை ஒரு குடும்பம். மாக்கல் வேறு. வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸ் முற்றிலும் வேறு; அது முழுக்க முழுக்கப் படிகச் சிலிகா. இந்தச் சிலிகாவின் மிக நுண்ணிய தூசி, கண்ணுக்கே தெரியாத தூசி, மூச்சோடு நுரையீரலின் ஆழத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் போனால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். சிலிகோசிஸ் என்று இதற்குப் பெயர். இதைக் குணமாக்கும் மருந்து கிடையாது. வந்தவருக்குக் காசநோயும் எளிதில் தொற்றும். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997-இல் இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது.

நாம் எல்லோரும் விற்ற பலப்பம் நினைவிருக்கும். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர் பகுதியில் சிலேட்டுக் கல்லை எந்திர ரம்பத்தால் அறுத்துப் பலப்பக் குச்சி செய்தார்கள். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கே போய்ச் சோதித்தபோது பார்த்த தொழிலாளர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிலிகோசிஸ் இருந்தது. இளம் வயதிலேயே பலர் இறந்தார்கள். எழுதிய குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அறுத்தவர்களுக்குத்தான் எல்லாம் ஆயிற்று.

கோலமாவிலும் கணக்கு இப்படித்தான். வாசலில் குனிந்து ஐந்து நிமிடம் கோலம் போடுகிறவரைப் பயமுறுத்த வேண்டிய அவசியமே இல்லை; திறந்த வெளி, கைப்பிடி மாவு, அதிலும் விரலிடுக்கில் இழியும் பருமனான பொடி. கிட்டங்கியில் மூட்டையைப் பிரித்துக் கொட்டி, சலித்து, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நாள் முழுவதும் பொட்டலம் போடுகிற பையனின் நிலைமை வேறு. மார்கழிக்கு முந்திய இரண்டு மாதம் அவன் தலைமுடி, புருவமெல்லாம் வெள்ளையாக இருப்பதை நாம் பார்த்துச் சிரித்திருக்கிறோம். புருவத்தில் தெரிவது பருமனான தூசி, அது துவைத்தால் போய்விடும். தெரியாத தூசிதான் உள்ளே போகிறது.

என்ன கல் என்று ஓரளவு அறிந்துகொள்ள வழி உண்டு. ஒரு சிட்டிகைப் பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் நுரைக்கும். டோலமைட் மெல்ல நுரைக்கும் அல்லது நுரைத்ததே தெரியாது. குவார்ட்ஸும் மாக்கல்லும் நுரைக்கவே நுரைக்காது. நுரைக்காத பொடியைப் பழைய கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஒரு மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மாக்கல் சோப்பைப் போல வழுக்கும். குவார்ட்ஸ் நறநறக்கும், கண்ணாடியில் கீறல் விழும். இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது; கலந்த சரக்காக இருந்தால் சொல்வது கடினம். ஆனாலும் கொள்முதலின்போது மொத்த வியாபாரியிடம் “எந்தக் கல் என்று பட்டியலில் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பதற்கு இந்த அளவு போதும். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது பேருக்கு அவரே எழுதித் தருவார். விலை ஒன்றாக இருந்தால் நுரைக்கும் சரக்கையே எடுப்பது நல்லது என்பது நம் கருத்து.

எந்தக் கல்லானாலும் பொட்டலம் போடும் இடம் காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். மூட்டையை உயரத்திலிருந்து கொட்டாமல் அகப்பையால் அள்ளச் சொல்ல வேண்டும். உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்கினால் அன்றைய தூசி முழுவதும் மறுபடி எழும்பும். தண்ணீர் தெளித்துப் பெருக்கலாம் அல்லது ஈரத் துணியால் துடைக்கலாம். கைக்குட்டையோ துண்டோ கட்டிக்கொள்வதால் நுண்தூசி நிற்காது. கொரோனாக் காலத்தில் எல்லோரும் அறிந்துகொண்ட என்-95 முகக்கவசமே வேண்டும், அதுவும் மூக்கின் ஓரம் இடைவெளி இல்லாமல். கூடுமானால் பொட்டலமாகவே வரும் சரக்கை வாங்கிவிடுவது உத்தமம் என்று சொல்லலாம். ஆனால் அப்போது தூசி வேறொரு கிட்டங்கியின் பையனுக்குப் போகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வெர்மிகுலைட்டும் பெர்லைட்டும்

பார்க்கச் சோளப்பொரியைப் போல இருக்கும் இந்த இரண்டும் தொட்டி மண்ணை இலேசாக்கி ஈரம் காக்கும். வெர்மிகுலைட் என்பது அபிரகத்தைப் போன்ற ஒரு கனிமம். சூடாக்கினால் அடுக்கடுக்காக விரிந்து பொரியும். நம் திருப்பத்தூருக்கு அருகில் சேவாத்தூரில் தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனமான டாமின் இதை வெட்டி எடுத்திருக்கிறது. பெர்லைட் எரிமலைக் கண்ணாடி. அதையும் சூட்டில் பொரித்தே எடுக்கிறார்கள்.

வெர்மிகுலைட்டுக்கு ஒரு பழைய கெட்ட பெயர் உண்டு. அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்துதான் ஒரு காலத்தில் உலகத்துக்கு வேண்டிய சரக்கில் பெரும்பகுதி போயிற்று. அந்தப் பாறையில் இயற்கையாகவே கல்நார் கலந்திருந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டுமல்லாமல், அவர்கள் துணியைத் துவைத்த குடும்பத்தாரும் நுரையீரல் நோயில் விழுந்தார்கள். சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது. 2009-இல் அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை அந்த ஊருக்குப் பொதுச் சுகாதார அவசர நிலையை அறிவித்தது. எல்லா வெர்மிகுலைட்டிலும் கல்நார் இல்லை. இருந்தாலும் இறக்குமதிச் சரக்கை வாங்கும் மொத்த வணிகர்கள் கல்நார் சோதனைச் சான்று கேட்டு வாங்கிக்கொள்வது நியாயமான எச்சரிக்கை. வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது எளிது: பையைத் திறந்ததும் தண்ணீர் தெளியுங்கள், நனைந்த பிறகே மண்ணோடு கலக்குங்கள், மொட்டை மாடியில் கலக்குங்கள், அறைக்குள் வேண்டாம்.

ஜிப்சத்திலும் எப்சம் உப்பிலும் சொல்லும்படியான ஆபத்து இல்லை. காவி இரும்புத் துரு வகை, அதுவும் சாது.

மயில்துத்தம்

நீலக் கற்கண்டைப் போல அழகாக இருக்கும் இந்தச் சரக்குதான் கடையிலேயே மிகவும் பொல்லாதது. 10 முதல் 20 கிராம் உள்ளே போனால் பெரியவர் உயிருக்கே ஆபத்து. நாம் சாதாரணமாக விற்பது 50 கிராம், 100 கிராம் பொட்டலம். ஒரு காலத்தில் வாந்தி எடுக்க வைக்கும் மருந்தாகவே இதைக் கொடுத்தார்கள். உள்ளே தங்கிய தாமிரம் இரத்தத்தையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்ததால் மருத்துவர்கள் அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

தோட்டக்காரர்கள் இதைக் கேட்பது போர்டோ கலவைக்காக. பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் மில்லார்தே என்ற பேராசிரியர் 1885-இல் வெளியிட்ட முறை இது. வீட்டளவுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் துத்தம், 10 கிராம் நீற்றாத சுண்ணாம்பு. பாதித் தண்ணீரில் துத்தத்தையும், மீதிப் பாதியில் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து, துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். துத்தம் கரைக்க மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஆகும். இரும்பும் தகரமும் ஆகாது. சுத்தமான கத்தியைக் கலவையில் சிறிது நேரம் வைத்தெடுத்தால், அலகில் செம்பு படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் சேர்க்க வேண்டும். அன்றே அடித்துவிட வேண்டும். மிச்சத்தைக் கிணற்றடியிலோ மீன் உள்ள குளத்திலோ கொட்டக்கூடாது. நாளைக்குப் பறிக்கப்போகும் கீரையில் இதை அடிக்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

இங்கே சட்டமும் உண்டு. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின் அட்டவணையில் தாமிர சல்பேட் இருக்கிறது. பூஞ்சாண மருந்தாக விற்பதற்கு உரிமம் வேண்டும். 1971-ஆம் ஆண்டு விதிகளின்படி இத்தகைய சரக்கைத் தனி அறையிலோ பூட்டிய அலமாரியிலோ வைக்க வேண்டும். உணவுப் பொருளோடு ஒட்டி வைக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரி சோதனைக்கு வந்தாலும், சர்க்கரை டின்னுக்குப் பக்கத்தில் துத்தம் இருந்தால் கேள்வி வரும். உரிமம் இல்லாதவர்கள் இந்தச் சரக்கை விட்டுவிடுவதே மேல். அதனால் குறையும் வருமானம் ஒன்றும் பெரிதில்லை.

பெயர் எழுதாத பீப்பாய்

நமது தொழிலின் வரலாற்றில் எல்லா மளிகை வணிகர்களும் தெரிந்திருக்க வேண்டிய ஒரு சம்பவம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 1858 அக்டோபர் கடைசியில் நடந்தது. அந்நாளில் சர்க்கரை விலை அதிகம். மிட்டாய் செய்கிறவர்கள் சர்க்கரையோடு ஜிப்சம் போன்ற கல்பொடியைக் கலந்து சரிக்கட்டினார்கள். அப்படி ஒரு மிட்டாய்க்காரர் கல்பொடி வாங்க மருந்துக் கடைக்கு ஆள் அனுப்பினார். கடை முதலாளி உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். கடைப் பையனிடம், கிடங்கின் மூலையில் இன்ன இடத்தில் பீப்பாய் இருக்கிறது என்று சொன்னார். பையன் வேறொரு பீப்பாயிலிருந்து 12 பவுண்டு அள்ளிக் கொடுத்தான். அது வெள்ளைப் பாஷாணம். மிட்டாய் சந்தையில் விற்றது; ஏறக்குறைய 20 பேர் இறந்தார்கள், 200-க்கு மேற்பட்டோர் படுத்தார்கள். வழக்கில் யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. கலப்படத்துக்கும் விஷ விற்பனைக்கும் எதிராக அந்த நாட்டில் சட்டங்கள் வருவதற்கு இந்தச் சம்பவம் ஒரு காரணமாயிற்று.

கலப்படம் செய்த மிட்டாய்க்காரரை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பையன் கிடங்கில் நின்ற நிலையை நம் கடைகளில் நினைத்துப் பாருங்கள். கோலமாவு, பிளாஸ்டர், நீற்றிய சுண்ணாம்பு, மைதா, அரிசி மாவு, சமையல் சோடா ஆகியவை ஒரே வெள்ளையில், ஒரே மாதிரி டின்களில், வரிசையாக இருக்கின்றன. எது எது என்று முதலாளிக்குத் தெரியும். முதலாளி கல்யாணத்துக்குப் போன நாளில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குத் தெரியாது.

டின்னில் பெயர் எழுதி ஒட்டுங்கள், மூடியில் எழுதாதீர்கள்; மூடி மாறிவிடும். உண்ணாத சரக்குக்குத் தனி அலமாரி, தனித் தராசுத் தட்டு, தனி அகப்பை வைத்துக்கொள்ள வேண்டும். அலமாரியில் அவை கீழ்த் தட்டில் இருக்கட்டும். மேலே இருந்தால் சிந்துவது உணவின்மேல் விழும். கொலு வர்ணத்தையும் இந்த அலமாரியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று இருக்கும் பழைய வர்ணங்களில் ஈயம் இருந்ததுண்டு. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பாட்டி காலத்துப் பொம்மைக்கு மறுபடி வர்ணம் பூசப்போகிறவர் உப்புத்தாள் வாங்கினால், தண்ணீர் தொட்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

முன்கூட்டியே எடை போட்டுக் கட்டி வைக்கும் பொட்டலத்துக்கு 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள் பொருந்தும். கட்டியவர் பெயர் முகவரி, சரக்கின் பெயர், எடை, மாதமும் ஆண்டும், விலை ஆகியவை அதில் இருக்க வேண்டும். எப்படியும் அச்சடிக்கத்தான் போகிறோம், அதே சீட்டில் “உண்ணும் பொருள் அல்ல. கண்ணில் பட்டால் உடனே அரை மணி நேரம் தண்ணீரால் கழுவவும்” என்று ஒரு வரி கூடுதலாகப் போடலாம். வாடிக்கையாளர் முன்னிலையில் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும்போது ஒரு ரப்பர் முத்திரை போதும். சில ஊர்களில் நம் உறுப்பினர்கள் சேர்ந்து ஒரே முத்திரையாகச் செய்துகொண்டால் செலவு இன்னும் குறையும். மளிகைச் சாமானுக்கு ஒரு நிறத் தாள், இவற்றுக்கு வேறு நிறத் தாள் என்று வைத்துக்கொண்டால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் வீட்டில் வித்தியாசம் தெரியும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் கிட்டங்கியில் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நீற்றாத சுண்ணாம்பு மூட்டைகள் ஒழுகும் கூரைக்கு அடியிலோ, தண்ணீர் ஏறும் தரையிலோ இருக்கின்றனவா என்று பாருங்கள். ஈரம் பட்டு அது சூடேறினால் சாக்கே தீப்பற்றும். பலகை போட்டு உயர்த்தி, காகித அட்டை, எண்ணெய் டின், தீப்பெட்டிப் பண்டல் ஆகியவற்றிலிருந்து தள்ளி அடுக்குங்கள். பிளாஸ்டர் மூட்டையையும் அங்கேயே உயரத்தில் ஏற்றிவிடலாம். அது தீப்பற்றாது, ஆனால் ஈரம் குடித்துக் கட்டிதட்டிப் போனால் மொத்த வியாபாரி திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார்.